சப்ளை செயின் எங்கே அறும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலை, மொத்த வியாபாரம், இறக்குமதி என்று ஏதோ ஒரு வகையில் இன்னொருவர் அனுப்பும் சரக்கை நம்பித் தொழில் நடத்துகிறவர்களுக்கான பக்கம் இது. எல்லாக் கேள்விக்கும் ஒரே அளவில் பதில் இல்லை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சிலவற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தாங்கும் சப்ளை செயின் என்றால் என்ன? எதுவுமே நடக்காமல் பார்த்துக்கொள்வதா?

இல்லை. நிலநடுக்கத்தையும் போரையும் எந்த பர்ச்சேஸ் துறையாலும் தடுக்க முடியாது. உங்கள் கையில் இருப்பது இரண்டே கணக்குதான். ஒரு சப்ளையர் திடீரென்று நின்றுபோனால், அவரோ அவருக்கு மாற்றாக வேறொருவரோ பழைய அளவுக்கு அனுப்பத் தொடங்க எத்தனை நாள் ஆகும்? இது முதல் கணக்கு. அந்தச் சரக்கு வராமலேயே, இருப்பதை வைத்து நீங்கள் எத்தனை நாள் ஓட்ட முடியும்? இது இரண்டாவது. முதலாவதை மீளும் காலம் என்றும் இரண்டாவதைத் தாங்கும் காலம் என்றும் வைத்துக்கொள்ளலாம். எம்ஐடி பேராசிரியர் டேவிட் சிம்ச்சி-லெவி ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒரு முழு ஆபத்துக் கணக்கையே போட்டார். மீளும் காலம் தாங்கும் காலத்தைவிட நீளம் என்றால் அங்கே ஓட்டை இருக்கிறது.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, எதனால் நிற்கும் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை என்பது. தீயா, வெள்ளமா, திவாலா, வேலைநிறுத்தமா, எதுவாக இருந்தாலும் சரக்கு வராது என்பது ஒன்றுதான். நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று கூட்டம் போட்டு விவாதிக்கிற நேரத்தில் பத்து சப்ளையர்களின் மீளும் காலத்தை போனிலேயே கேட்டு எழுதிவிடலாம்.

எந்தப் பொருளில் தொடங்குவது? அதிகப் பணம் போகிற சப்ளையரிடம்தானே?

பெரும்பாலானவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பெரிய இன்வாய்ஸ் வருகிற இடத்தில் வாரம் ஒரு மீட்டிங், நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் நடக்கும். சில்லறைப் பாகம் அனுப்புகிறவரின் பெயர்கூட மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஃபோர்டு ஆய்வில் தெரியவந்தது இதற்கு நேர் எதிரானது. நின்றுபோனால் அதிகச் சேதம் தரக்கூடிய இடங்களில் பல, குறைந்த பணம் போகும் சப்ளையர்களிடம்தான் இருந்தன.

1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் ஐசின் நிறுவனத்தின் கரியா தொழிற்சாலையில் தீப்பிடித்தது. அங்கே செய்யப்பட்டது பி-வால்வு என்ற பிரேக் பாகம். பின் சக்கர பிரேக்குக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும், கைக்குள் அடங்குகிற ஒரு சின்ன உலோகத் துண்டு. ஒரு காரின் விலையில் அது எந்த மூலைக்கு? ஆனால் டொயோட்டாவுக்குத் தேவையான பி-வால்வில் கிட்டத்தட்ட முழுவதும் அந்த ஒரே கட்டடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கையில் இருந்த ஸ்டாக் சில நாட்களுக்குக்கூடப் போதவில்லை. ஜப்பானில் டொயோட்டாவின் அசெம்பிளி லைன்கள் வரிசையாக நின்றன. 2007 ஜூலையில் நீகாட்டா நிலநடுக்கத்தில் ரிக்கென் நிறுவனம் நின்றபோதும் இதே கதைதான், அந்த முறை பிஸ்டன் ரிங். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஃபோர்டு தன் டீலர்களிடம் குறிப்பிட்ட ஒரு கறுப்பு நிறத்தில் புதிய ஆர்டர் எடுக்க வேண்டாம் என்று சொன்னது. பெயின்ட்டுக்குப் பளபளப்புத் தரும் சிராலிக் என்ற நிறமிப் பொடி உலகத்திலேயே ஜப்பானின் ஒனஹாமாவில் இருந்த மெர்க் ஆலையில் மட்டும்தான் தயாரானது. எஞ்சின் இருக்கிறது, டயர் இருக்கிறது, மினுக்கும் பொடி மட்டும் இல்லை.

ஆகவே பட்டியலை விலை வரிசையில் அடுக்காதீர்கள். "இது வராவிட்டால் நாளைக்கு எத்தனை பொருள் முழுமையாகாமல் நிற்கும்" என்ற வரிசையில் அடுக்குங்கள். ரப்பர் வளையம், லேபிள், அட்டைப் பெட்டி, ஒட்டும் பசை எல்லாம் மேலே ஏறி வரும்.

எங்களுக்கு ஒவ்வொரு பாகத்துக்கும் இரண்டு சப்ளையர் இருக்கிறார்களே, போதாதா?

அவர்கள் இருவரும் யாரிடம் வாங்குகிறார்கள் என்று தெரியுமா? இதைக் கேட்டால் பல நேரம் பதில் வராது. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஹார்ட் டிஸ்க் ஆலை மூழ்கியது. போட்டி நிறுவனமான சீகேட்டின் ஆலைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு மோட்டார் முதலிய பாகங்கள் அனுப்பியவர்களின் ஆலைகள் வெள்ளத்தில் நின்றதால் அவர்களும் உற்பத்தியைக் குறைக்க வேண்டியதாயிற்று. கணினித் தயாரிப்பாளர்களின் கண்ணுக்கு இரண்டு சப்ளையர். கீழே இறங்கிப் பார்த்தால் ஒரே ஆற்றுப் படுகை.

அதனால் இரண்டாவது சப்ளையரைத் தேடும்போது விலையைக் கேட்பதற்கு முன்பே மூன்றை விசாரியுங்கள்: ஆலை எங்கே இருக்கிறது (அலுவலக முகவரி அல்ல, ஆலை முகவரி), முக்கிய மூலப்பொருள் யாரிடமிருந்து வருகிறது, எந்தத் துறைமுகம் வழியாக வருகிறது. முதல் சப்ளையரின் பதிலும் இதுவும் ஒன்றாக இருந்தால் நீங்கள் வாங்கப்போவது இரண்டாவது இன்வாய்ஸ் மட்டும்தான்.

அப்புறம், காகிதத்தில் இருக்கிற இரண்டாவது சப்ளையரை நம்ப வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் சாம்பிள் வாங்கி ஓகே சொல்லி வைத்திருப்பார்கள், அதற்குப் பிறகு ஒரு ஆர்டர்கூடப் போயிருக்காது. நெருக்கடி வந்த அன்றைக்கு அவரைக் கூப்பிட்டால், அன்று அவரைக் கூப்பிடுகிற முப்பது பேரில் நீங்களும் ஒருவர், அதுவும் வரிசையில் கடைசி ஆள். எழுபது முப்பதோ எண்பது இருபதோ, ஒரு பங்கு அவருக்குத் தொடர்ந்து போக வேண்டும். அளவு பிரிவதால் விலை கொஞ்சம் ஏறும், அது உண்மை. அதைக் காப்பீட்டு பிரீமியம் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பலர் கடைசி நிமிடத்தில்தான் கவனிக்கிறார்கள். பிளாஸ்டிக், ரப்பர், வார்ப்பு பாகங்களுக்கு மோல்டு, அதாவது வார்க்கும் அச்சு, வேண்டும். அந்த மோல்டு யாருடையது? பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும் அது சப்ளையரின் ஆலைக்குள் இருக்கும். ஆலை பூட்டப்பட்டால் மோல்டும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். புதிதாகச் செய்ய வாரக்கணக்கில் ஆகும். உரிமை யாருக்கு என்பதை எழுத்தில் வையுங்கள், பாகத்தின் வரைபடத்தில் கடைசியாகத் திருத்திய பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

எவ்வளவு ஸ்டாக் வைத்தால் நிம்மதி? ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சேஃப்டி ஸ்டாக்கைச் சூத்திரம் போட்டுத்தான் வைத்திருக்கிறோம்.

சூத்திரத்தில் தவறில்லை, ஆனால் அது வேறு நோய்க்கான மருந்து. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். தினமும் சராசரி 100 பாகம் செலவாகிறது, நாளுக்கு நாள் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 30. ஆர்டர் போட்டால் 16 நாளில் வரும். 95 சதவீதம் தட்டுப்பாடு இல்லாமல் இருக்க வேண்டுமென்றால், 95 சதவீதத்துக்குச் சூத்திரம் தரும் எண்ணான 1.65-ஐ 30-ஆல் பெருக்கி, 16-ன் வர்க்கமூலமான 4-ஆல் பெருக்கினால் 198. அதாவது இரண்டு நாள் சரக்கு. "95 சதவீதம்" என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இந்த இரண்டு நாளை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

அதே கணக்கில், 16 நாள் என்பது எப்போதும் சரியாக 16 இல்லை, முன்பின் 4 நாள் விலகும் என்று சேர்த்தால் 198 என்பது சுமார் 690 ஆகிவிடும். வாடிக்கையாளரின் ஏற்ற இறக்கத்தைவிட சப்ளையரின் நாள் தவறுவதுதான் ஸ்டாக்கை அதிகம் தின்கிறது. எனவே ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும் வரை ஆகும் லீட் டைமைக் குறைப்பதற்கு முன்னால் அதை நிலையாக்கப் பாருங்கள். 20 நாளில் கட்டாயம் வருகிற சரக்கு, 10-லிருந்து 25-க்குள் எப்போதோ வருகிற சரக்கைவிடப் பல நேரம் மேல்.

ஆனால் இந்த 690-உம் அன்றாட ஆட்டத்துக்குத்தான். 2023 நவம்பருக்குப் பிறகு செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின, பயணம் 10 முதல் 14 நாள் வரை கூடியது. 14 நாள் என்றால் நம் கணக்கில் 1,400 பாகம். சேஃப்டி ஸ்டாக் முழுவதையும் கொட்டினாலும் பாதிகூட நிரம்பாது. பெரிய தடங்கலுக்கான ஸ்டாக்கைச் சூத்திரத்தில் தேடக்கூடாது. முதல் பதிலில் சொன்ன இரண்டு காலங்களின் இடைவெளியிலிருந்து எடுக்க வேண்டும், அதுவும் வராவிட்டால் வேலையையே நிறுத்திவிடக்கூடிய பாகங்களுக்கு மட்டும். எல்லாவற்றையும் மூன்று மாதத்துக்கு வாங்கிக் குவித்தால் குடோன் நிறையும், கையில் காசு இருக்காது.

தனியாக வைத்த ஸ்டாக்கைத் தொடாமல் மூலையில் போட்டு வைக்கவும் கூடாது. பசைக்கும் ரப்பருக்கும் ரசாயனங்களுக்கும் காலாவதி உண்டு, டிசைன் மாறினால் மீதியெல்லாம் கழிவு. பழையதை எடுத்து ஓட்டி, புதியதை அதன் இடத்தில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் கேட்டால் மேலே ஒப்புக்கொள்வதில்லை. எப்படி எடுத்துச் சொல்வது?

பயமுறுத்தாதீர்கள், எண்ணைக் காட்டுங்கள். மேலே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 100 பொருள் செய்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் வளையம். வளையத்தின் விலை பொருளின் விற்பனை விலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பொருள் ஒன்றில் நிற்கும் லாபம் விலையில் 20 சதவீதம். இடைவெளி ஆறு வாரம், அதாவது 42 நாள்.

42 நாளைக்கு வேண்டிய வளையம் 4,200. அதில் முடங்கும் பணம் சுமார் நாலேகால் பொருளின் விலைக்குச் சமம். வட்டி, இடம், வீணாவது எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 25 சதவீதம் என்று தாராளமாகப் போட்டாலும், செலவு ஏறக்குறைய ஒரு பொருளின் விலை. வளையம் இல்லாமல் 42 நாள் நின்றால் போகும் லாபம் 840 பொருளின் விலை. நூறு வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் என்று வாதாடினாலும், வருடத்துக்கு எட்டுக்கு மேல் வருகிறது. எட்டைக் காப்பாற்ற ஒன்று.

இதே கணக்கை விலை உயர்ந்த மோட்டாருக்குப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஸ்டாக் வைப்பது கட்டுப்படியாகாது என்றுதான் வரும். அங்கே வேறு வழி தேட வேண்டும்: இரண்டாவது சப்ளையர், வேறு மாடலையும் ஏற்கும் டிசைன், அல்லது சப்ளையரின் ஆலையிலேயே பாதி முடிந்த நிலையில் சரக்கு வைக்கச் சொல்லி ஒப்பந்தம். மேலே இருப்பவர்களிடம் இரண்டையும் சேர்த்தே காட்டுங்கள். "எல்லாவற்றுக்கும் பணம் கேட்கிறான்" என்ற எண்ணம் அப்போதுதான் போகும்.

அப்படியானால் ஸ்டாக் குவிக்காமல் தேவையான நேரத்துக்குச் சரக்கை வரவழைக்கும் ஜஸ்ட் இன் டைம் முறை காலாவதியா?

இதைச் சொல்லித் தலைப்புப் போட எல்லோருக்கும் ஆசை. ஆனால் அந்த முறையைக் கண்டுபிடித்த டொயோட்டாவே என்ன செய்தது என்று பாருங்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு எந்தப் பாகங்கள் ஆபத்தானவை என்று சப்ளையருக்குச் சப்ளையர் வரை தேடிப் பட்டியலிட்டது. சிப் மாதிரி மீளும் காலம் நீளமாக இருப்பவற்றுக்கு, இரண்டு முதல் ஆறு மாதம் வரை ஸ்டாக் வைக்கும்படி சப்ளையர்களிடம் கேட்டுக்கொண்டது. மற்றவற்றில் பழைய முறையே தொடர்ந்தது. 2021-ல் சிப் தட்டுப்பாட்டில் போட்டியாளர்கள் வருடத் தொடக்கத்திலேயே திணற, டொயோட்டா பல மாதம் தாக்குப்பிடித்தது. அந்தச் செப்டம்பரில் அதுவும் உற்பத்தியைப் பெரிய அளவில் வெட்ட வேண்டி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஸ்டாக் அவகாசத்தைத்தான் வாங்கித் தரும்.

1997 தீயிலிருந்து டொயோட்டா ஏறக்குறைய ஒரு வாரத்தில் எழுந்ததற்கும் ஸ்டாக் காரணமில்லை. 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வரைபடத்தை வாங்கிக்கொண்டு தங்களிடம் இருந்த இயந்திரங்களிலேயே பி-வால்வு செய்து கொடுத்தன. அதில் தையல் இயந்திரம் தயாரிக்கும் நிறுவனம்கூட இருந்தது. விலை என்ன என்று பேரம் பேசி முடித்துவிட்டு வேலையைத் தொடங்கவில்லை. பல வருடமாக சப்ளையர்களை ஒழுங்காக நடத்தியிருந்தால் மட்டுமே இப்படி நடக்கும். ஒவ்வொரு வருடமும் ஐந்து சதவீதம் விலை குறை என்று கழுத்தை நெரித்துவிட்டு, தீப்பிடித்த அன்று ஓடி வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

தூரத்திலிருந்து வாங்குவதால்தானே இவ்வளவு பிரச்சினை? பக்கத்திலேயே வாங்கிவிட்டால்?

போக்குவரத்து ஆபத்து குறையும், அதில் சந்தேகமில்லை. 2021 மார்ச்சில் 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஆறு நாள் அடைத்தது. 2023 கடைசியில் பனாமா கால்வாயில் வறட்சி, நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் 24. அதே மாதங்களில்தான் செங்கடல் தாக்குதலும். ஒரே நேரத்தில் இரண்டு கால்வாயும் நொண்டும் என்று எந்தத் திட்டத்தில் எழுதியிருந்தார்கள்?

ஆனால் ஆபத்து தூரத்தில் மட்டும் இல்லை, ஒரே இடத்தில் குவிவதிலும் இருக்கிறது. 2022-ல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பால் மாவு கிடைக்காமல் பெற்றோர் அலைந்தது, அந்த நாட்டிலேயே மிச்சிகனில் இருந்த அபாட் ஆலை ஒன்று மூடப்பட்டதால். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வட கரோலினாவில் பாக்ஸ்டர் ஆலையை மூழ்கடித்தபோது மருத்துவமனைகள் சலைன் பைகளைச் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் பயன்படும் நரம்புவழித் திரவங்களில் சுமார் 60 சதவீதம் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இரண்டுமே உள்நாட்டு உற்பத்திதான். பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வது, எல்லாவற்றையும் பக்கத்தில் கொண்டு வந்து ஒரே கூரையின் கீழ் வைப்பதைவிடப் பாதுகாப்பு.

தட்டுப்பாடு வரப்போகிறது என்று தெரிந்தால் இரண்டு பங்காக ஆர்டர் போட்டுவிடலாமா?

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், அதனால்தான் தட்டுப்பாடு இன்னும் மோசமாகிறது. சப்ளையர் கேட்டதில் பாதிதான் தருவார் என்று தெரிந்தால் 100 வேண்டியவர் 200 கேட்பார். இதைப் பார்க்கிற சப்ளையர் தேவை இரட்டிப்பாகிவிட்டது என்று தன் மூலப்பொருளை 250 கேட்பார். ஒவ்வொரு படியிலும் பொய்த் தேவை ஊதிக்கொண்டே போகும். கடைசியில் சரக்கு வந்து சேரும்போது யாருக்கும் வேண்டியிருக்காது. சாட்டையடி விளைவு என்று இதற்குப் பெயர், பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் குழந்தை டயப்பர் ஆர்டர்களில் கவனிக்கப்பட்டதிலிருந்து பிரபலமானது. குழந்தைகள் ஒரே சீராகத்தான் நனைக்கிறார்கள், ஆனால் ஆலைக்கு வரும் ஆர்டர் மட்டும் மேலும் கீழும் குதிக்கிறது! 2021-ல் சரக்கு கிடைக்கவில்லை என்று அலறிய பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்கள், 2022-ல் தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளின.

எதிர்த் திசையிலும் இதே ஆபத்து உண்டு. 2020 தொடக்கத்தில் கார் விற்பனை விழுந்ததும் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை வெட்டின. சிப் ஆலைகள் அந்த இடத்தைக் கணினிக்கும் போனுக்கும் கொடுத்துவிட்டன. சில மாதத்தில் கார் விற்பனை எழுந்தபோது வரிசையில் இவர்கள் கடைசி. பிறகு வருடக்கணக்கில் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

செய்யக்கூடியது, உண்மையான தேவையை, உங்கள் விற்பனை எண்ணோடு சேர்த்து சப்ளையருக்குக் காட்டுவது. ஆறு மாத மதிப்பீடு ஒன்றைக் கொடுங்கள், அதில் முதல் இரண்டு மாதம் மாறாது என்று உறுதி சொல்லுங்கள், சொன்னபடி எடுங்கள். பங்கீடு வரும்போது சப்ளையர் நம்பகமானவர்களுக்கு முதலில் தருவார்.

சப்ளையர் நின்றுவிட்டார் என்று தகவல் வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

அவர் சொல்லும் தேதியை நம்பாமல் இருக்க வேண்டும். 2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகெர்கியில் பிலிப்ஸ் சிப் ஆலையில் சின்னத் தீ, பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது. ஆனால் தூசி புகாத அறைகளுக்குள் புகையும் தண்ணீரும் போய்விட்டன. ஒரு வாரம் தாமதமாகும் என்று, அங்கே சிப் வாங்கிய போன் நிறுவனங்களான நோக்கியாவுக்கும் எரிக்ஸனுக்கும் ஒரே மாதிரி தகவல் போனது. நோக்கியாவில் அந்தப் பாகங்களை உடனே தனிக் கண்காணிப்பில் போட்டு, தினமும் கூப்பிட்டு விசாரித்தார்கள். விஷயம் வாரமல்ல, மாதக்கணக்கு என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளிலும் வேறு சப்ளையர்களிடமும் உற்பத்தித் திறனைப் பிடித்துவிட்டார்கள். எரிக்ஸனில் தகவல் கீழ்மட்டத்திலேயே தங்கிவிட்டது. அவர்கள் விழித்தபோது எடுக்க மிச்சமில்லை. சுமார் 40 கோடி டாலர் இழப்பு என்று சொன்னார்கள். 2001-ல் எரிக்ஸன் தன் போன் தொழிலை சோனியோடு கூட்டு நிறுவனமாக்கியது, வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இதுவும் ஒன்று.

ஆகவே முதல் நாளில்: கையிருப்பு, வழியில் இருப்பது, சப்ளையரிடம் முடிந்து கிடப்பது மூன்றையும் எண்ணி எழுதுங்கள். கணினியில் உள்ள எண்ணை நம்பாமல் குடோனில் ஒரு ஆளை அனுப்பி எண்ணச் சொல்லுங்கள். இரண்டாவது சப்ளையருக்கு அன்றே ஆர்டர், தேவையானால் அட்வான்ஸோடு. முடிந்தால் நின்றுபோன ஆலைக்கு நேரில் ஆள் போகட்டும். "கொஞ்சம் தாமதம்" என்று போனில் கேட்பதற்கும் கூரை இடிந்து கிடப்பதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இருக்கிற சரக்கு யாருக்கு முதலில் என்பதை ஒரே ஒருவர் முடிவு செய்யட்டும், இல்லாவிட்டால் சத்தமாகக் கேட்கிற வாடிக்கையாளருக்குப் போய்விடும். வாடிக்கையாளருக்குக் கெட்ட செய்தியை அன்றே சொல்லுங்கள், அவரும் தன் தாங்கும் காலத்தை எண்ண வேண்டுமல்லவா?

கம்ப்யூட்டர் நின்றாலும் இதே கதிதானா?

இன்னும் மோசம், ஏனென்றால் சரக்கு இருக்கும், எங்கே இருக்கிறது என்று தெரியாது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியது. 4,000 சர்வரும் 45,000 கணினியும் பத்தே நாளில் மறுபடி நிறுவப்பட்டன. யார் எந்தக் கணினியில் நுழையலாம் என்று சரிபார்க்கும் அந்த நிறுவனத்தின் முக்கிய அடையாளச் சர்வர்களின் பிரதிகள் உலகம் முழுவதும் அழிந்துவிட்ட நிலையில், கானா அலுவலகத்தில் மட்டும் ஒன்று பிழைத்திருந்தது, தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லாததால்! மற்றவர்கள் மின்தடையை நம்பியிருக்க முடியாது. பாகப் பட்டியல், திறந்திருக்கும் ஆர்டர்கள், சப்ளையர் தொலைபேசி எண்கள் மூன்றையும் வாரம் ஒருமுறை நெட்வொர்க்கோடு இணையாத ஒரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அச்சிட்ட தாளாக இருந்தாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் அபராதப் பிரிவு இருக்கிறது, இன்ஷூரன்ஸும் இருக்கிறது. போதுமா?

இரண்டும் பணம் தரலாம், சரக்கு தராது. இயற்கைப் பேரிடர் என்றால் தன் கையை மீறிய நிகழ்வுக்குப் பொறுப்பில்லை என்கிற ஃபோர்ஸ் மஜூர் பிரிவைக் காட்டி சப்ளையர் விலகிக்கொள்வார். உங்கள் கட்டடத்துக்கான காப்பீடு சப்ளையரின் கட்டடம் எரிந்ததற்குப் பணம் தராது, அதற்குத் தனிப் பிரிவு எடுத்திருக்க வேண்டும், பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். 2016 ஆகஸ்ட் 31 அன்று கொரியாவின் ஹான்ஜின் கப்பல் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கோரியபோது, கட்டணம் கிடைக்காது என்று பல துறைமுகங்கள் அதன் கப்பல்களை உள்ளே விடவில்லை. சுமார் 1,400 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு கடலில் காத்துக் கிடந்தது. கண்டெய்னருக்குள் இருந்த சரக்கின் உரிமையாளர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. எல்லாக் கண்டெய்னரையும் ஒரே கப்பல் நிறுவனத்திடம் கொடுத்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள்.

இதற்கான மென்பொருள் வாங்கலாமா?

உங்களிடம் பாகப் பட்டியலும் ஆலை முகவரியும் சரியாக இருந்தால் வாங்கலாம். அவை இல்லாமல் வாங்கினால் உலக வரைபடத்தில் அழகாகப் புள்ளிகள் மின்னும், அதில் பாதி சப்ளையரின் தலைமை அலுவலகமாக இருக்கும்.

நாங்கள் சின்ன நிறுவனம், பத்து பதினைந்து பேர். இதற்கென்று தனியாக ஆள் போட முடியாது. என்ன செய்வது?

ஒரு எக்செல் தாள் போதும். வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற பாகங்களை மட்டும் எழுதுங்கள், இருபதுக்குள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஆலை இருக்கும் இடம், வேறு யார் செய்கிறார்கள், கையிருப்பு எத்தனை நாள், மீள எத்தனை நாள் என்று நான்கு கட்டங்கள். மீளும் நாளை சப்ளையரிடமே கேளுங்கள். "உங்கள் இயந்திரம் ஒன்று எரிந்துபோனால் எவ்வளவு நாளில் எனக்கு மறுபடி அனுப்புவீர்கள்?" என்று நேராகக் கேட்டால் பலர் யோசித்துவிட்டு உண்மையைத்தான் சொல்கிறார்கள், சிலர் அன்றுதான் முதல் தடவையாக யோசிக்கவே செய்கிறார்கள். அவர்கள் சொல்லும் எண்ணை இரண்டு மடங்காக்கி எழுதிக்கொள்ளுங்கள்.

பெரிய நிறுவனங்களைவிடச் சின்னவர்களுக்கு ஒரு வசதி உண்டு, டிசைனை மாற்ற ஆறு கமிட்டி தேவையில்லை. உங்களுக்கென்று தனியாகச் செய்யப்படும் ஒரு பாகத்துக்குப் பதில், சந்தையில் எல்லோரும் விற்கும் ஸ்டாண்டர்ட் அளவு பொருந்துமா என்று பாருங்கள். திருகாணி, பேரிங், கனெக்டர், வளையம் போன்றவற்றில் பெரும்பாலும் பொருந்தும். ஒரு மில்லிமீட்டர் மாற்றினால் ஒரு சப்ளையர் இருந்த இடத்தில் இருபது பேர் கிடைப்பார்கள், அந்த வரியைத் தாளிலிருந்தே அடித்துவிடலாம். பாதகமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: பங்கீட்டு வரிசையில் சின்னவர்கள் கடைசிதான். அதனால் சப்ளையருக்குப் பெரிய வாடிக்கையாளராக இருக்க முடியாவிட்டாலும், பில் வந்த வாரமே பணம் கொடுக்கிற வாடிக்கையாளராக இருக்கப் பாருங்கள். பணம் தாமதித்தே பழகிய தொழில்களில் அது சீக்கிரம் நினைவில் நிற்கும். தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து கையிருப்புக் கட்டத்தையும் தொலைபேசி எண்களையும் சரிபார்த்தால் போதும், மற்றவை அவ்வளவு வேகமாக மாறுவதில்லை.